மஹிந்திரா தாருக்கு ரீட்ரெட் டயர்: போடலாமா, வேண்டாமா?

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி மஹிந்திராவின் பழைய தார் ஜீப் (சிஆர்டிஇ டீசல்), டயர் அளவு 235/70 ஆர்16. தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக்குள் முழுக்க மண் பாதை, ஐப்பசி கார்த்திகையில் சேறு முழங்கால் வரை வரும், நடுவில் ஓடை வேறு. வாரத்தில் பாதி நாள் வண்டி அங்கேதான் கிடக்கும். மீதி நாட்களில் பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு என்று மலை இறங்கி ஏற வேண்டும். அவ்வப்போது குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் சென்னைக்கும் போவோம்.

நாலு டயரும் தேய்ந்துவிட்டன. பின் சக்கரம் இரண்டும் கிட்டத்தட்ட மொட்டை. சேற்றுக்கென்றே வரும் மட் டெரெய்ன் டயர் புதிதாக நாலு வாங்க விலை கேட்டேன், தலை சுற்றியது. திண்டுக்கல்லில் ரீட்ரெட் (தேய்ந்த டயரின் மேல் ரப்பரைச் சீவிவிட்டுப் புதிது ஒட்டுவது) செய்யும் ஒரு கடைக்காரர், என் பழைய டயரிலேயே கட்டை பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல் ரப்பர்) வைத்துத் தருகிறேன், புது டயர் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது என்கிறார். அவசரமென்றால் அவரிடம் தயாராக இருக்கும் செட்டை எடுத்துக்கொள்ளலாமாம். "லாரிக்கே அதுதானே ஓடுகிறது" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

சேற்றுவண்டி:

வேண்டாம் ப்ரோ. சேற்றில் இறங்கும்போது நாங்கள் காற்றை 18 பிஎஸ்ஐ வரைகூட இறக்குவோம். அப்போது பக்கச்சுவர் பிதுங்கும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் டயரின் ஒவ்வொரு இடமும் மடங்கி நிமிரும். ரீட்ரெட்டில் புதிதாக வருவது மேலே இருக்கும் பட்டன் மட்டும். மடங்கி நிமிர வேண்டிய பக்கச்சுவர் அதே பழசுதான். மலைப் பாதையில் கல் கிழிப்பதும் பெரும்பாலும் பக்கச்சுவரைத்தான். கண்ணுக்கு முரட்டு டயராகத் தெரியும், உள்ளே வயதான ஆள்.

சங்ககிரி_பத்துவீல்:

தம்பி, ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் ரீட்ரெட் இல்லையென்றால் பாதி லாரி ஷெட்டைவிட்டு வெளியே வராது. புது டயரை முன்னால் போடுவோம். தேய்ந்ததும் கழற்றி ரீட்ரெட் செய்து பின்னால் ஜோடி சக்கரத்துக்குக் கொண்டுபோவோம். நல்ல கேஸிங்காக (பட்டனுக்கு அடியில் இருக்கும் டயர் உடம்பு) இருந்தால் இரண்டாவது முறையும் தாங்கும். விமானத்துக்கே ரீட்ரெட் டயர்தான் போடுகிறார்கள், அதுவும் பல முறை.

ரோட்டோரம் கிடக்கும் டயர் தோலைப் பார்த்துவிட்டு எல்லோரும் ரீட்ரெட்டைத் திட்டுவார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழகம் அந்தத் துண்டுகளையே பொறுக்கிச் சேர்த்து ஆராய்ந்து 2008ல் அறிக்கை கொடுத்தது. டயரைச் சிதறடித்ததில் பெரிய பங்கு சாலையில் கிடந்த பொருள் குத்தியதற்கும், காற்றுக் குறைவு, அதிகச் சூடு போன்றவற்றுக்கும்தான். ரீட்ரெட் செய்ததே காரணம் என்று அதில் வரவில்லை. புது டயரும் அதே மாதிரிதான் சிதறிக் கிடந்தது.

ஊட்டி_ஜிப்ஸி:

லாரியில் ஒரு டயர் போனால் பக்கத்தில் இருப்பது தாங்கும் அண்ணே. தாருக்கு ஏது ஜோடி?

சங்ககிரி_பத்துவீல்:

//தாருக்கு ஏது ஜோடி?//

நியாயமான கேள்வி. நாங்களும் முன் சக்கரத்துக்கு ரீட்ரெட் போடுவதில்லை, காரணம் அதேதான். அமெரிக்காவில் பஸ்ஸின் முன் சக்கரத்துக்கு ரீட்ரெட் போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. லாரிக்கு அப்படிப் பொதுத்தடை கிடையாது, இருந்தும் விவரம் தெரிந்தவர்கள் போட மாட்டார்கள். முன்னால் ஒன்று வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது.

சேற்றுவண்டி:

அந்த அறிக்கை லாரி டயர் பற்றியது அண்ணே. காற்றை 18க்கு இறக்கி, பாறையில் ஏற்றி, அப்படியே தார்ச்சாலையில் ஏறி வீட்டுக்குப் போகிறவனைப் பற்றி அதில் எதுவும் இல்லை. காற்றுக் குறைவும் சூடும்தான் கொல்கிறது என்றால், நாங்கள் தினமும் செய்வது அதைத்தானே? விமானக் கதையும் அப்படித்தான். அங்கே ஒவ்வொரு டயருக்கும் சரித்திரம் எழுதி வைத்திருப்பார்கள், ஒவ்வொரு முறையும் கருவி வைத்துச் சோதிப்பார்கள். திண்டுக்கல் கடையில் யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

ரப்பர்வாசனை:

கோவையில் ரீட்ரெட் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். இரண்டு பக்கமும் கொஞ்சம் சரி, கொஞ்சம் தவறு. முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

வரும் டயரைப் பிரித்துப் பார்த்து, உள்ளே கையை விட்டுத் தடவி, விளக்கடியில் சுற்றிப் பார்ப்பார்கள். பெரிய ஆலைகளில் ஷியரோகிராஃபி என்று ஒரு கருவி உண்டு. டயரை வெற்றிடத்தில் வைத்து லேசரால் பார்த்தால் உள் அடுக்கு எங்காவது விட்டுப்போயிருந்தால் தெரிந்துவிடும். சின்னக் கடைகளில் அது இருக்காது, கண்ணும் கையும்தான். பிறகு பழைய பட்டனை பஃபிங் மெஷினில் சீவி எடுப்பார்கள். வெட்டுக்காயம் இருக்கும் இடங்களைத் தோண்டிச் சுத்தம் செய்து அடைப்பார்கள். ரப்பர் சிமென்ட் என்ற பசையைப் பூசி, குஷன் கம் என்ற மெல்லிய ரப்பர் அடுக்கை ஒட்டி, அதன் மேல் புதுப் பட்டன்.

இங்கேதான் இரண்டு வழி பிரிகிறது. ஹாட் முறையில் பச்சை ரப்பரை (இன்னும் வேகாத ரப்பர்) சுற்றி, டயரை அச்சுக்குள் வைத்து 150 டிகிரி அளவுக்குச் சூடாக்குவார்கள். பட்டன் அச்சிலேயே விழும். கோல்ட் முறையில் பட்டன் ஏற்கெனவே வெந்த பட்டையாக வரும். அதைச் சுற்றி ஒட்டி, உறை மாட்டி, சேம்பரில் 100 டிகிரிக்கு ஒட்டிய அளவில் வேக வைப்பார்கள். லாரிக்கு இங்கே பெரும்பாலும் கோல்ட்தான். கேஸிங்குக்கு அதில் சூடு குறைவு.

லாரிக்கு நல்லது என்பதாலேயே தாருக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோல்ட் பட்டையின் அகலம் டயரின் மேல்பரப்போடு சரியாகப் பொருந்த வேண்டும். குறுகலாக இருந்தால் தோள் பக்கம் (மேல்பரப்பும் பக்கச்சுவரும் சேரும் ஓரம்) வெறுமையாக நிற்கும். அகலமாக இருந்தால் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு, கல்லும் வேரும் அதைப் பிடித்து உரிக்கும். நான் பார்த்த கடைகளில் தயாராக இருந்தவை லாரி, மினி லாரி, ட்ரெய்லர் அகலங்கள். தாரின் 235 ரேடியலுக்கு என்றே செய்த கட்டைப் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். "வெட்டிப் போட்டுக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் பேசாத விஷயம். லாரிக்கான பட்டன் ரப்பரை நீண்ட ஓட்டத்துக்காகவும் வெட்டுப்படாமல் இருக்கவும் தயாரிப்பார்கள். அது கெட்டி. கனமான வண்டிக்குக் கீழே அது பிடிக்கும். தார் மாதிரி இலேசான வண்டிக்குக் கீழே, மழை பெய்த தார்ச்சாலையில், கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு பிடிக்காது. உங்கள் மலையில் பெரிய மழை அக்டோபருக்கு மேல்தான். சேற்றில் ஜெயித்துவிட்டு, பெரும்பாறை ஊருக்குக் கீழே மலைச்சாலையில் வழுக்கினால் என்ன பயன்?

மிளகுக்கொடி:

ரொம்ப நன்றி சார். அப்படியென்றால் பின்னால் இரண்டு மட்டும் ரீட்ரெட், முன்னால் புதிதாக இரண்டு ஏ.டி. (சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர்) என்று போட்டால்? லாரிக்காரர்கள் செய்வதும் அதுதானே. செலவும் பாதியாகும்.

கணக்குப்பிள்ளை:

அதை மட்டும் செய்யாதீர்கள். லாரிக்கு முன் சக்கரம் தானாக உருளும். உங்கள் வண்டியில் ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுப்பது) போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். வேக வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் டிஃபரன்ஷியல் கியர் கிடையாது.

235/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 735 மில்லிமீட்டர், சுற்றளவு 2,310. பின் டயரில் பட்டன் 8 மில்லிமீட்டர் உயரமாக இருந்தால் விட்டம் 16 கூடும், சுற்றளவு 50 கூடும். ஒரு கிலோமீட்டருக்கு முன் சக்கரம் 433 சுற்று சுற்றும்போது பின் சக்கரத்துக்கு 424 போதும். அந்த 9 சுற்று வித்தியாசம் எங்கே போகும்? சேற்றில் சக்கரம் வழுக்கி அதைக் கழித்துவிடும். ஈரம் காய்ந்த கெட்டித் தரையில் கழிக்க இடமில்லை. ஷாஃப்டும் கியரும் முறுக்கேறி நிற்கும், ஃபோர் வீலை மாற்றும் டிரான்ஸ்ஃபர் லீவர் கழலாது, வண்டி பிடித்து இழுப்பது போலிருக்கும்.

கடையில் தயாராக இருக்கும் செட்டிலும் இதே வம்பு உண்டு. நாலும் நாலு கம்பெனி கேஸிங்காக இருந்தால் பட்டன் ஒன்றாக இருந்தாலும் சுற்றளவு ஒன்றாக இருக்காது. தையல் டேப் ஒன்று எடுத்துப் போங்கள். நாலுக்கும் ஒரே அளவு காற்று அடிக்கச் சொல்லிவிட்டு, பட்டன் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள்.

ஊட்டி_ஜிப்ஸி:

கணக்கு சரி. பழைய ஜிப்ஸியில் முன்னும் பின்னும் வேறு வேறு தேய்மானத்தோடு ஃபோர் வீலில் கெட்டித் தரையில் ஓட்டிய நண்பர் ஒருவர், லீவரைக் கழற்ற வண்டியை ரிவர்ஸில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே வேடிக்கை பார்த்தது.

டிஃபெண்டர்_லண்டன்:

இங்கே நிலைமை வேறு. என் பழைய டிஃபெண்டரில் 235/85 ஆர்16 ரீமோல்டு (முழுக்க அச்சில் வைத்துச் செய்த ரீட்ரெட்) மட் டயர்தான் ஓடுகிறது. ஐரோப்பாவில் ஃபோர் வீல் வண்டிக்காரர்களிடம் இது சாதாரணம். ஸ்பெயினின் இன்சா டர்போ இதற்குப் பெயர்போனது. அமெரிக்காவில் ட்ரெட்ரைட் என்ற பெயரைச் சொல்வார்கள். லாரிக்கடை வேலை போல இல்லை. பட்டன் மட்டுமல்லாமல் பக்கச்சுவரின் மேலும் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை புது ரப்பர் போட்டு, இந்த அளவுக்கே செய்த அச்சில் வேக வைக்கிறார்கள். கார் டயர் ரீட்ரெட்டுக்கு ஐ.நா. விதி 108, லாரி வகைக்கு 109. வேகம், பாரச் சோதனை எல்லாம் அதற்குள் வரும். பக்கச்சுவரில் "ரீட்ரெட்" என்று எழுதியிருக்க வேண்டும், ரீட்ரெட் செய்த தேதியும் இருக்கும்.

ஆனாலும் பக்கச்சுவரின் மேல் வருவது ரப்பர் தோல்தான். உள்ளே இருக்கும் நூல் அடுக்கு பழையது. அதனால் நான் மோட்டார்வேயில் வேகத்தை அடக்கித்தான் ஓட்டுவேன். சத்தமும் அதிகம், சக்கரத்தில் பேலன்ஸ் ஈயமும் நிறையத் தேவைப்பட்டது. இங்கே குளிர். உங்கள் ஊர் சித்திரை வெயிலில் திருச்சி தாண்டி 100ல் போவதும் இதுவும் ஒன்றல்ல.

சங்ககிரி_பத்துவீல்:

லண்டன் தம்பி சொன்னதில் கடைசி வரிதான் முக்கியம். டயருக்கு எமன் சூடு. மே மாதம் மதியம் தரையே கொதிக்கும். அதோடு வேகம், பாரம், காற்றுக் குறைவு எல்லாம் சேர்ந்தால் பட்டை விட்டுவிடும். லாரி 60ல் போகிறது, அதனால் தாங்குகிறது.

மலை இறக்கத்தில் இன்னொரு சூடு உண்டு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம்மின் சூடு ரிம்முக்கு ஏறும், ரிம்மிலிருந்து டயர் விளிம்புக்கு ஏறும். கொல்லிமலையில் 70 வளைவு இறங்கிவிட்டு ரிம்மைத் தொட்டுப் பாருங்கள், கை பொத்துப்போகும். விளிம்பு வெந்த கேஸிங்கை ரீட்ரெட் செய்வது வீண் செலவு. கீழ் கியரில் இறங்குகிறவன் டயரும் இரண்டாவது உயிர் எடுக்கும்.

ரப்பர்வாசனை:

மிளகுக்கொடி, இப்போது உங்கள் டயருக்கு வருவோம். பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துக்களுக்குப் பிறகு வரும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். முழு வரிசை ஒரு பக்கம் மட்டும்கூட இருக்கலாம், குனிந்து உள்பக்கமும் பாருங்கள். எத்தனை பஞ்சர், எங்கே, எப்படி ஒட்டியது என்பதும் வேண்டும். பக்கச்சுவரை விரலால் வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா?

மிளகுக்கொடி:

பார்த்துவிட்டேன் சார். மூன்றில் 2218 என்று இருக்கிறது. ஸ்டெப்னியாகக் கிடந்து மாட்டிய ஒன்றில் 4713. பின் இடது சக்கரத்தில் தோள் ஓரமாக ஒரு பஞ்சர், கயிறு போட்டு அடைத்தது. எல்லாவற்றிலும் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு இருக்கிறது. முன் வலதில் கல் வெட்டிய தடம், உள்ளே பழுப்பாகக் கம்பி போல ஏதோ தெரிகிறது.

கடைக்காரரின் தயார் செட்டையும் போய்ப் பார்த்தேன். நாலும் நாலு கம்பெனி. இரண்டில் எண்ணைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை, அந்த இடத்தில் கறுப்பு பூசியிருந்தது. டேப் வைத்து அளந்தேன், சுற்றளவு ஒன்றுக்கொன்று ஒரு விரலுக்கு மேல் வித்தியாசம்.

ரப்பர்வாசனை:

முடிந்தது கதை. 4713 என்பது 2013ன் கடைசி. பட்டன் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியது. மிஷலின் போன்ற கம்பெனிகளே 5 வருடத்துக்கு மேல் ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கின்றன, 10 வருடத்தில் எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்கின்றன. அது ரீட்ரெட் செய்யாத டயருக்கே சொன்னது. 2018 டயர்களும் ரீட்ரெட் செய்து இன்னொரு ஆயுள் ஓட்டும் வயதில் இல்லை. வெடிப்பு அதைத்தான் சொல்கிறது.

முன் வலதில் பழுப்பாகத் தெரிவது ஸ்டீல் பெல்ட், ரப்பருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு. வெட்டு வழியாகத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கிறது. ஓடையில் இறங்கி ஏறும் வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். துரு ஏறிய கம்பியில் ரப்பர் ஒட்டாது. வெளியே கம்பளம் மாதிரிப் புதுப் பட்டன் ஒட்டியிருக்கும், உள்ளே பெல்ட் தனியாகக் கழன்றுகொண்டிருக்கும். தோள் ஓரத்தில் கயிறு போட்ட பஞ்சரையும் நான் ரீட்ரெட்டுக்கு எடுக்க மாட்டேன்.

தயார் செட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். எண்ணை மறைக்கிறவரிடம் எதற்கு வியாபாரம்?

சேற்றுவண்டி:

நான் முதலிலேயே சொன்னேன் :)

சரி, இப்போது உதவியாக ஒன்று. உங்களுக்கு மட் டெரெய்ன் தேவையா என்பதே எனக்குச் சந்தேகம். மலைச்சாலை, சென்னைப் பயணம் எல்லாம் சேர்த்தால் வண்டி தார்ச்சாலையில் ஓடும் தூரம்தான் அதிகம். ஏ.டி. டயர் நாலு புதிதாகப் போடுங்கள், மட் டயரைவிட விலை நன்றாகவே இறங்கும். சேற்றுக்குப் பின் சக்கரத்துக்குச் சங்கிலி ஒரு ஜோடி, வண்டியில் வைக்க ஒரு சின்ன கம்ப்ரஸர். காற்றை இறக்கினால் சாலையில் ஏறும் முன் திரும்ப அடித்துவிட வேண்டும். இரண்டும் சேர்த்து ஒரு மட் டயர் விலைக்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன், விசாரித்துக்கொள்ளுங்கள்.

சங்ககிரி_பத்துவீல்:

சங்கிலி நல்ல யோசனை. தார்ச்சாலையில் ஏறும் முன் கழற்றிவிடு தம்பி, இல்லையென்றால் சாலையும் போகும் டயரும் போகும்.

மிளகுக்கொடி:

வீட்டில் பேசிவிட்டேன். தாருக்கு ஏ.டி. நாலு, புதுசு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் போகும் வண்டி, அதில் சோதனை வேண்டாம் என்று வீட்டம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஆனால் ரீட்ரெட் ஆசை முழுக்கப் போகவில்லை. தோட்டத்தில் அப்பா காலத்து மஹிந்திரா ஜீப், எம்.எம்.540 ஒன்று இருக்கிறது. 6.00-16 டயர், டியூப் போட்டது. தோட்டத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை. உர மூட்டை, மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு முதல் இரண்டு கியரிலேயே சுற்றும். நாலும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியது, இன்னும் 4 வருடம் ஆகவில்லை. பட்டன் போய்விட்டது, பக்கச்சுவரில் வெடிப்போ வெட்டோ இல்லை. இதற்குச் செய்யலாமா?

ரப்பர்வாசனை:

இதற்குத் தாராளமாகச் செய்யலாம். வேகம் இல்லை, சூடு இல்லை, கேஸிங்கின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த அளவில் நைலான் டயர் என்றால் ஸ்டீல் துரு பிரச்சினையும் கிடையாது. ஹாட் முறையில் அச்சு வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள், தோள் வரை ரப்பர் இறங்கும், வேரில் உரசினாலும் உரியாது. நாலையும் ஒரே தடவையில், ஒரே பட்டனில் செய்யச் சொல்லுங்கள். பட்டனைச் சீவும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். நூல் அடுக்கு வெளியே தெரிகிற அளவுக்குச் சீவிவிட்டால் அந்த டயரை அங்கேயே நிறுத்திவிடச் சொல்லுங்கள். சீவிய டயரை மறுநாள் வரை தூசியில் போட்டுவைக்காமல் அன்றே சிமென்ட் பூச வேண்டும். டியூபும், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் வரும் ஃபிளாப்பும் பழசாக இருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஊட்டி_ஜிப்ஸி:

அந்த ஜீப்பை ஒரு நாள் கல்யாணத்துக்கு வத்தலக்குண்டு இறக்க வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். சாவியை ஒளித்து வையுங்கள்.

சங்ககிரி_பத்துவீல்:

தம்பி, கடையில் டயரைக் கொடுப்பதற்கு முன் நாலு டயரின் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள். கடைக்காரர் முன்னாலேயே எடு, அவருக்கும் தெரியட்டும். வாங்க வரும்போது அதே எண்தானா என்று பார்த்த பிறகு காசைக் கொடு. நல்ல கேஸிங்கை எடுத்துக்கொண்டு வேறொன்றைத் தள்ளிவிடுவது எங்கள் பக்கமும் நடக்கும்.

மிளகுக்கொடி:

எடுத்துவிட்டேன் அண்ணே. உள்பக்கம் சாக்பீஸில் என் இனிஷியலும் போட்டிருக்கிறேன். திண்டுக்கல்லில் ஹாட் அச்சு வைத்திருப்பவர் யாரும் கிடைக்கவில்லை, மதுரையில் விசாரிக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.